எபிசோடு 41: ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல வெட்டிடாதீங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுக்கு அவசரமா பதில் சொல்லணும்.

லண்டனுக்குத் தெற்கே குராய்டன்ல இருக்கிற ஒரு நேயர் எழுதியிருக்கார். சொந்த ஊர் திருச்சி, உறையூர். அங்கே ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வாங்கியிருக்கார், 1978 மாடல், ரெண்டே சீட், மேலே துணிக்கூரை. சின்ன வயசுல இருந்து ஆசை. போன எபிசோடுல எங்க பெரியப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் துரு எடுத்த கதையைச் சொன்னேன் இல்லையா, அதைக் கேட்டுட்டு இப்படி எழுதியிருக்கார்: "ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம்னு சொன்னீங்க. நீங்க ரெண்டு பக்கச் சில்லையும் முதல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சீங்க. எனக்கும் ரெண்டு பக்கமும் உளுத்துப் போச்சு. வர்ற சனிக்கிழமை கிரைண்டர் வாடகைக்கு எடுத்து ரெண்டையும் வெட்டிடலாம்னு இருக்கேன். சரிதானே?"

சார், சரியில்லை. தயவுசெஞ்சு நிறுத்துங்க. தப்பு என் பேர்லதான், போன தடவை இதை நான் விளக்காம விட்டுட்டேன்.

சில்லுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கதவைத் திறந்தா காலுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல நீளமா ஓடுற தகடு. நம்ம ஊர் டிங்கர்கள் இதை ரன்னிங் போர்டுன்னே சொல்வாங்க. ரெண்டு வண்டியிலயும் அது ஒரே இடத்துலதான் இருக்கு, பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ஹெரால்டுல அது போல்ட்டு போட்டு மாட்டின ஒரு மூடி. ஸ்பிட்ஃபயர்ல அது வண்டியோட இடுப்பெலும்பு.

ஏன் அப்படின்னா கொஞ்சம் பழைய கதை பேசணும். 1953-ல் இங்கிலாந்துல ஃபிஷர் அண்ட் லட்லோங்கிற பாடி கட்டுற கம்பெனியை பிஎம்சி வாங்கிடுச்சு. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனி தன்னோட வண்டிகளுக்கு அவங்களைத்தான் நம்பி இருந்தது. இப்போ அவங்க போட்டியாளர் கையில. முழு பாடியையும் ஒரே இடத்துல அடிச்சுக் கொடுக்க ஆள் இல்லாம போனதால, பாடியைத் துண்டு துண்டா வேற வேற இடத்துல செஞ்சு, தனி சேசிஸ் மேல போல்ட்டு போட்டுச் சேர்க்கிற மாதிரி ஒரு வண்டியை வடிவமைச்சாங்க. மத்தவங்க எல்லாம் சேசிஸே இல்லாத ஒத்தைக் கூடு பாடிக்குப் போய்க்கிட்டு இருந்த காலம் அது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கேலோட்டி வரைஞ்ச உருவம். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டா வந்தது. 1961-ல் இருந்து நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர் ஃபேக்டரியில ஸ்டாண்டர்ட் ஹெரால்டா ஓட ஆரம்பிச்சது. முன்பக்கம் மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டா முன்னாடி கவிழ்ந்து திறக்குமே, அதே வண்டி. கூரையைக்கூட போல்ட்டைக் கழட்டித் தூக்கிடலாம். சோழவரம் பந்தயத்துல ஓடினதைப் பார்த்தவங்க இன்னும் இருக்காங்க.

ஹெரால்டோட சேசிஸ்ல நடு முதுகெலும்பு தவிர, பக்கவாட்டுல கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற அவுட்ரிக்கர்கள் உண்டு. அந்தக் கைகளை இணைச்சு ரெண்டு ஓரமும் ஒரு பெட்டிக் கம்பி ஓடும், அதைச் சைடு ரெயில்னு சொல்வாங்க. பாடி அதுமேல உட்காருது. பாரம் எல்லாம் அது தாங்குது. அதனால சில்லு வெறும் மூடி.

1962-ல் அதே சேசிஸைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் செஞ்சப்போ, வண்டி தாழ்வா இருக்கணும், எடை குறையணும்னு அந்தப் பக்கவாட்டு ரெயில்களை எடுத்துட்டாங்க. அது செஞ்ச வேலையைச் சில்லு தலையில கட்டிட்டாங்க. ஸ்பிட்ஃபயர் சில்லு மூணு அடுக்கு: உள்தகடு, நடுவுல ஒரு பலகை மாதிரி தகடு, வெளித்தகடு. மூணும் சேர்ந்தாத்தான் பெட்டி, பெட்டியா இருந்தாத்தான் பலம். கூரை வேற இல்லாத வண்டி. ரெண்டு சில்லையும் ஒரே நாள்ல வெட்டினா நடுவுல தொய்ஞ்சிடும். தொய்ஞ்ச நிலையிலயே புதுச் சில்லை வெல்டு பண்ணிட்டா, அந்த வளைவு வண்டி இருக்கிற வரைக்கும் அப்படியேதான். அப்புறம் கதவு மூடாது. மூடினா திறக்காது.

சரி, பெரியப்பா வண்டிக்கு வர்றேன். துருன்னா என்ன, அதை எப்படி எடுக்கணும்னு எனக்குப் புரிஞ்சது அந்த வண்டியிலதான், அதுவும் ஒரு தடவை ஏமாந்த பிறகு.

1969-ல் பெரியப்பா வாங்கின ஹெரால்டு. அப்போ அவங்க உறையூர்ல இருந்தாங்க. அப்புறம் ஸ்ரீரங்கத்துக்கு மாறி, வண்டி பல வருஷம் வீட்டுப் பின்னாடி ஓலைக் கொட்டகையில நின்னது. திருச்சியில கடல் காத்து கிடையாது. மெட்ராஸ்ல பெசன்ட் நகர்ல நின்ன வண்டி மாதிரி வெளித்தகடு பொரிஞ்சு போகாது. அதனால நம்ம ஊர் பழைய வண்டிகளைப் பார்த்தா "பரவாயில்லையே, நல்லா இருக்கே"ன்னு தோணும். அதுல ஏமாந்துடக் கூடாது. இங்கே துரு உள்ளே இருந்து வரும். இரும்புக்குத் தண்ணியும் காத்தும் சேர்ந்து இருந்தாப் போதும். மழையில நனைஞ்சு வெயில்ல காயற தகடு தப்பிச்சிடும். மிதியடிக்குக் கீழே, கதவோட அடிமடிப்புல, மண்ணு அடைச்ச பெட்டிக்குள்ளே ஈரம் நிக்கிற இடம்தான் போகும்.

ஆயுத பூஜைக்கு வண்டியை உள்ளேயும் வெளியேயும் பைப் போட்டு அலசி, பொட்டு வச்சு, கதவைச் சாத்திடுறோமே, அதுக்கு அடுத்த மாசமே வடகிழக்குப் பருவமழை. மிதியடிக்குக் கீழே போன தண்ணி தைப்பொங்கல் வரைக்கும் காயாது. பூஜை பண்ண வேணாம்னு சொல்லலை. மிதியடியைத் தூக்கி ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, அவ்வளவுதான்.

2018-ல் வண்டியை ஓட்டுற நிலைக்குக் கொண்டுவரலாம்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டோம். பேர் வேணாம். ஆறு வாரத்துல பளபளன்னு வந்தது. பெரியப்பா கண்ணுல தண்ணி. ஒன்றரை வருஷத்துல கதவுக்குக் கீழே கொப்புளம். அம்மை போட்ட மாதிரி வரிசையா. ஒரு நாள் பெரியப்பா டிரைவர் சீட்ல ஏறி உட்கார்ந்தார், சீட்டு ஒரு பக்கமா இறங்கிடுச்சு. மிதியடியைத் தூக்கிப் பார்த்தா, சீட்டு போல்ட்டைச் சுத்தி இருந்த ஃப்ளோர் பிஞ்சு வந்திருக்கு. அதுக்கு மேலே ஃபைபர் துணி ஒட்டி, பட்டி தடவி, கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அவருக்கு அப்போ 81 வயசு. வண்டி நின்னுக்கிட்டு இருந்தது. அம்மா மண்டபம் ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போது அது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் எனக்கு நினைக்கப் பிடிக்காது.

பட்டி கெட்ட பொருள் இல்லை. நல்ல தகடு மேல, சின்னச் சின்ன மேடு பள்ளத்தைச் சரி பண்ண, ஒரு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குள்ள போட்டா அதுக்குக் குறையே இல்லை. துருப்பிடிச்ச ஓட்டையை அடைக்கிறதுக்கு அது வந்ததில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதுக்குக் கீழே துரு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். துரு, தான் தின்ன இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனாலதான் ரெண்டு தகடு சேர்ற மடிப்பு தானா விரியுது, பெயின்ட் கொப்புளிக்குது. நீங்க கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்ளே பாதி போயாச்சு.

வாங்கப் போற வண்டியைப் பார்க்க ரெண்டு பொருள் போதும். ஒண்ணு, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற மாதிரி சின்ன காந்தம், துணியில சுத்தினது. கதவோட கீழ்ப்பகுதி, மட்கார்டு வளைவு, சில்லு முழுக்க மெதுவா இழுத்துக்கிட்டே வாங்க. பட்டி கனமா இருக்கிற இடத்துல பிடி விட்டுடும். ரெண்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி. பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே மாதிரி தட்டுங்க. நல்ல தகடு கணீர்னு பேசும், உளுத்தது தொப்னு சொல்லும். விற்கிறவர் சம்மதிச்சா அடியில கூர்மையான கம்பியால குத்திப் பாருங்க. சம்மதிக்கலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

இனி வெட்டுறது. நாங்க ரெண்டாவது தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போகலை. திருச்சியில வெல்டருக்குப் பஞ்சம் கிடையாது. திருவெறும்பூர்ல பெல் வந்ததுல இருந்து இது பாய்லர் ஊரு. வெல்டிங்குக்கே தனி ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கு. எங்க தெருவுலயே ஒரு அண்ணன், உயர் அழுத்த பாய்லர் வேலையில ரிட்டயர் ஆனவர். கூப்பிட்டேன். வந்தார், தகட்டை விரலால தட்டினார், சிரிச்சார். "தம்பி, நான் ஆயுசு முழுக்க செங்கல் கனத்துக்கு இரும்பு ஊத்தினவன். நீ அப்பளத்தை ஒட்டச் சொல்றே" அப்படின்னார்.

அது விளையாட்டு இல்லை. ஹெரால்டு மாதிரி வண்டிக்கு நாம போடுறது 20 கேஜ் சிஆர் தகடு, ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். சேசிஸ் கைகளுக்கு 16 கேஜ், 1.6 மில்லிமீட்டர். பாய்லர் வெல்டிங்ல சூடு பத்தலைன்னாத்தான் பிரச்சினை. இங்கே சூடே பிரச்சினை. முதல் நாள் அவர் ஒரு துண்டுத் தகட்டுல ரெண்டு அங்குலம் தொடர்ச்சியா ஓட்டினார், தகடு வெத்தலை மாதிரி சுருண்டுடுச்சு. மூணு நாள் பழைய தகட்டுல பழகினார். 65 வயசுல, அவ்வளவு சர்டிபிகேட் வச்சிருக்கிறவர். எனக்கு அது பெரிய பாடம்.

அவர் கண்டுபிடிச்ச முறை, எல்லா நல்ல டிங்கரும் செய்யறதுதான்: சிஓ2 வெல்டிங், 0.8 வயர், கரண்ட்டைக் குறைச்சு வச்சு, இங்கே ஒரு பொட்டு, ஒரு ஜாண் தள்ளி ஒரு பொட்டு, திரும்ப நடுவுல ஒண்ணு. கை வச்சா சுடாத வரைக்கும் பக்கத்துப் பொட்டு கிடையாது. ஒரு முழ நீளத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நடுநடுவுல டீ. அவசரம்னா இந்த வேலைக்கு வராதீங்க.

கேஸ் வெல்டிங் பண்ற பழைய டிங்கர்களைக் கேலி பண்றவங்க உண்டு. நான் பண்ண மாட்டேன். கேஸ்ல சூடு அதிகமாப் பரவும், தகடு அதிகம் நெளியும், அது நிஜம். ஆனா அந்த வெல்டு மென்மையா இருக்கும். அடியில டாலியைக் கொடுத்து மேல சுத்தியால தட்டித் தட்டி நெளிவை எடுத்துடுவாங்க. சிஓ2 வெல்டு கடினம், அதைத் தட்டி நேராக்குறது கஷ்டம், அரைச்சுத்தான் எடுக்கணும். கை தெரிஞ்ச டிங்கர் கிடைச்சா அவர் எந்த முறையில பண்ணினாலும் விட்டுடுங்க.

எவ்வளவு வெட்டணும்? துரு முடியற இடத்துல இல்லை, வெள்ளி மாதிரி பளிச்னு தகடு தெரியற இடம் வரைக்கும் போய், அதுக்கு மேலே இன்னும் ஒரு அங்குலம். மனசு வராது. கையளவு ஓட்டைன்னு ஆரம்பிச்சு பந்தி இலை அளவுக்குப் போயிடும். ஆனா மெலிஞ்ச தகட்டுல வெல்டு நிக்காது, பொட்டு வைக்க வைக்க ஓட்டை பெருசாகும். அதைக் கண்ணாலயே பார்ப்பீங்க. வெட்டின அளவுக்குக் காலண்டர் அட்டையில அச்சு எடுங்க, மடிப்புகளை அட்டையிலயே மடிச்சுப் பாருங்க, சரியா வந்தா தகட்டுக்கு மாத்துங்க. பாட்ச்சோட மூலைகளை வட்டமா விடுங்க. கூர்மூலையில சூடு சேர்ந்து அங்கேதான் நெளியும். சுத்தி வெல்டு வயர் கனத்துக்கு இடைவெளி இருக்கட்டும்.

ரெண்டு எச்சரிக்கை. பெட்ரோல் டேங்க்கைக் கழட்டி வண்டியை விட்டுத் தள்ளி வச்ச பிறகுதான் வெல்டு. காலி டேங்க் இன்னும் மோசம், உள்ளே இருக்கிறது ஆவி. அப்புறம், மலிவா கிடைக்குதுன்னு ஜிஐ தகடு போட்டா வெல்டு பண்ணும்போது துத்தநாகப் புகை வரும். மூச்சுல போனா அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும்.

சைடு ரெயிலை வெட்டின அன்னைக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும். இடதுபக்கம் அண்ணன் அறுத்ததும், உள்ளே இருந்து கட்டிகட்டியா வண்டல் மண்ணு கொட்டினது. மெல்லிசா, சாம்பல் நிறத்துல, ஆத்து மண்ணு. ஒரு வாளி நிறைய. 1977 நவம்பர் புயல் மழையில திருச்சி மூழ்கினப்போ உறையூர்ல வண்டிக்குள்ளே சீட்டு உயரத்துக்குத் தண்ணி நின்னதாம். தண்ணி வடிஞ்சது, சீட்டைக் காய வச்சாங்க, இன்ஜினைப் பிரிச்சு மாட்டினாங்க, வண்டி ஓடுச்சு. பெட்டிக்குள்ளே போன மண்ணை யாரும் நினைக்கலை. நாற்பது வருஷத்துக்கு மேலா ஒவ்வொரு மழையிலயும் அது ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கிட்டே இருந்திருக்கு. பெரியம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு, "நம்ம பழைய வீட்டு மண்ணுடா அது, கொட்டிடாதே" அப்படின்னாங்க. துளசித் தொட்டியில போட்டாச்சு.

2018-ல் வெளியில அவ்வளவு பெயின்ட் அடிச்சவங்க யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பெட்டிக்கு உள்பக்கம், அதுதான் பலரும் விடுற இடம். நீங்க வெளியே வெல்டு பண்ணும்போது உள்ளே இருக்கிற பூச்சு எரிஞ்சு வெறும் இரும்பா நிக்கும். நீங்க அரைச்சு, எபாக்சி ப்ரைமர் அடிச்சு, பெயின்ட் அடிச்சு அழகு பார்க்கிறது எல்லாம் வெளிப்பக்கம். அதனால சேர்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்துலயும் ஜிங்க் ப்ரைமர். எல்லாம் முடிஞ்ச பிறகு நீளக் குழாய் விட்டு உள்ளே மெழுகு ஸ்ப்ரே. நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் உருகி வடியும், தரை பாழாகும், பெரியம்மா திட்டினாங்க. வருஷம் ஒரு தடவை திரும்ப அடிக்கிறேன். வடிகால் ஓட்டைகளை அடைச்சுடாதீங்க. எங்க வண்டியில கதவோட அடி ஓட்டை எல்லாத்தையும் பட்டியில அழகா மூடி வச்சிருந்தாங்க, உள்ளே இறங்கின தண்ணி போக வழியே இல்லை. மாசம் ஒரு தடவை ஈர்க்குச்சியால குத்தி விடுங்க.

துரு மாத்துற திரவம்னு விற்கிறதைப் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின் இருக்கும். கடுக்காய்ச் சாறு இரும்புல பட்டா கறுக்குமே, அந்த டானின்தான். மேல்துருவுக்கு நல்லது. ஓட்டை விழுந்த தகட்டை அது திருப்பித் தராது.

இப்போ குராய்டன் நண்பருக்கு. உங்க ஊர்ல குளிர்காலத்துல ரோட்டுல உப்பு தூவுறாங்க, அதனால துரு வெளியே இருந்தும் வரும், உள்ளே இருந்தும் வரும். நாற்பது வருஷம் தாண்டின வண்டிக்கு அங்கே வருஷாந்திரப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை, அதனால உங்க வேலையைச் சரிபார்க்க யாரும் வரப்போறதில்லை. பாடியைச் சேசிஸை விட்டுக் கழட்டாதீங்க. வண்டியைச் சமதரையில, சஸ்பென்ஷனுக்குக் கீழே தாங்கல் கொடுத்து, சக்கரத்துல நிக்கிற மாதிரியே நிக்க வையுங்க. கதவோட கீல் பக்கத்துல இருந்து பூட்டு பக்கத்துக்கு ரெண்டு புறமும் கனமான கம்பி போட்டு இறுக்குங்க. கம்பி மாட்டுறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்தி, சுத்தி இடைவெளியை நாலு இடத்துல அளந்து எழுதி வையுங்க. ஒரு பக்கச் சில்லை மட்டும் வெட்டி, மூணு அடுக்கையும் போட்டு முடிச்சு, கதவைத் திரும்ப மாட்டி, அளவு மாறலைன்னு பார்த்துட்டு அப்புறம் மறுபக்கம்.

இன்னொண்ணு. சீட்டுக்குப் பின்னாடி ஃப்ளோர் மேலேறுற இடத்துல, பின்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற ரேடியஸ் ஆர்ம் பாடியிலதான் மாட்டியிருக்கும். ஹெரால்டுல அது சேசிஸ்ல. சில்லு போயிருந்தா அந்த இடமும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கம்பளத்தைத் தூக்கிக் குத்திப் பாருங்க. அங்கே தகடு மெத்துன்னு இருந்தா, முதல் வேலையா நீங்களே கத்துக்கிட்டுச் செய்யாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

அளவு எழுதின தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. சனிக்கிழமைக்கு முன்னாடி பார்த்துடுறேன். அடுத்த எபிசோடுல பெயின்ட்: பெரியப்பா கேட்ட அந்தப் பழைய வெளிர்நீலத்தைப் பொருத்தறதுக்கு நான் எத்தனை தடவை கலக்க வேண்டி வந்ததுன்னு சொல்றேன். வணக்கம்.